உச்சியில் நிற்காத ரயில்

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அக்காதான். சின்ன வயதில் கூடத்தின் நடுவே கைகளை விரித்துக்கொண்டு சுற்றுவாள். தலை கிறுகிறுத்து விழுவாள். விழுந்த இடத்திலேயே மல்லாந்து படுத்து, மின்விசிறியும் கூரையும் சேர்ந்து சுற்றுவதைப் பார்த்துச் சிரிப்பாள். சுற்றல் நின்றதும் எழுந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிப்பாள். பள்ளிச் சான்றிதழில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பள்ளியிலிருந்து ஒருமுறை எல்லோரையும் தீம் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்ற பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறிய ரோலர் கோஸ்டரில் இவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனாள். இறங்கியதும் ஐஸ்கிரீம் கடைக்கு ஓடவில்லை. வேலியோரம் நின்று, பெட்டிகளுக்கு அடியில் இருந்த சக்கரங்கள் தண்டவாளத்தை மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாள். மரம், மேகம் போல அதுவும் தானாக வந்த ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், விழாமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அந்த யாரோவாகத் தான் ஆகவேண்டும் என்ற ஆசை அங்கேயே ஒட்டிக்கொண்டது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அக்கா வீடே அவள் வீடாயிற்று. அக்காவுக்குக் கண் ஆஸ்பத்திரியில் வேலை. மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பம்பரம் இயந்திரப் பொறியியல் படித்தாள். தீம் பார்க் கம்பெனிக்கு விண்ணப்பித்தாள், எடுக்கவில்லை. துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் சேர்ந்து, உள்ளே சுழலும் டிரம்மை வரைந்துகொண்டிருந்தாள். மறுபடியும் விண்ணப்பித்தாள், மறுபடியும் இல்லை.

"துணி சுத்தறதும் ஆளு சுத்தறதும் ஒண்ணுதானே? இதுல என்ன அனுபவம் பத்தலங்கறாங்க?" என்று மாமாவுக்குக் கோபமே வந்தது.

மூன்றாவது முறை அழைப்பு வந்த மாலையில் அக்கா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எடுத்துட்டாங்க!"

"ஐயையோ, எதை? பர்ஸையா?"

"என்னைக்கா. வேலைக்கு என்னை எடுத்துட்டாங்க."

அக்கா எழுந்த வேகத்தில் பட்டாணியெல்லாம் தரையில் உருண்டது. அவள் மகள் பொடிசு அதைப் பொறுக்குவதா மிதிப்பதா என்று தெரியாமல் நின்றாள். மாமா வாசலிலேயே செருப்போடு நின்று செய்தியைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இனிமே நம்ம வீட்ல ரெண்டு பேரு ஜனங்களைப் பயமுறுத்திப் பொழைக்கறோம். நான் ரோட்டுல, நீ ஆகாசத்துல."

கம்பெனியின் வடிவமைப்புப் பிரிவு பூங்காவின் பின்பக்கத்தில் இருந்தது. நீளமான கட்டடம், ஜன்னலைத் திறந்தால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மொத்தமாக ஒரு அலறல் வந்து விழும். புதிதாகச் சேர்ந்தவர்கள் திடுக்கிடுவார்கள். ஒரு மாதத்தில் அது காதில் விழுவது நின்றுபோகும். பிரிவுத் தலைவி ஒல்லியான, நெட்டையான அம்மாள். சட்டைப் பையில் எப்போதும் எஃகு ஸ்கேல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை அளவுகோல் என்றார்கள். அது அவருக்கும் தெரியும்.

முதல் நாள் அவர் பம்பரத்திடம் சொன்னது கொஞ்சம்தான். "மத்ததெல்லாம் போகப் போகத் தெரிஞ்சுப்பே. ஒண்ணு மட்டும் இப்பவே கேட்டுக்கோ. யாரு வரையறாங்களோ அவங்கதான் முதல்ல உக்காரணும். மணல் மூட்டை உக்காந்து சுத்தி வரும். அதுக்கப்புறம் நீ. நீ உக்காந்து பாத்து சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஊரார் பிள்ளைங்க உக்காரும்."

அந்தச் சட்டத்தைக் கேட்டபோது பம்பரத்துக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். "எவ்ளோ நியாயமா இருக்கு பாருக்கா" என்றாள்.

"சமைச்சவதான் முதல்ல ருசி பாக்கணுங்கற. இதைத்தான் நான் தெனம் பண்றேன், எனக்கு யாரும் வேலை குடுக்கல" என்றாள் அக்கா.

இரண்டு வருடம் மற்றவர்களின் வரைபடங்களுக்குப் படிக்கட்டும் கைப்பிடியும் வரைந்தாள். பக்கத்து மேஜையில் இருந்த இளைஞனுக்கு மஃப்ளர் என்று பெயர். ஏசி ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் கழுத்தில் ஒன்றைச் சுற்றியிருப்பான். நல்லவன், கணக்கில் புலி, கிண்டல் மட்டும் வாயை விட்டு இறங்காது. இருவரும் மதியம் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

ஊழியர் குடும்பங்களுக்கு என்று பூங்காவைத் திறந்துவிட்ட ஒருநாள் அக்காவும் பொடிசும் சின்னப் பிள்ளைகளுக்கான ரயிலில் ஏறினார்கள். பொடிசு லிஃப்டுக்கே பயப்படுகிறவள். ரயில் மேலே ஏறியதும் அவள் தலை அக்காவின் பக்கம் திரும்பியதைப் பம்பரம் கீழிருந்து பார்த்தாள். திரும்பி முடிப்பதற்குள் ரயில் சரிந்துவிட்டது. அதன் பிறகு கண்ணைத் திறக்கவே இல்லை. இறங்கி வந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியல சித்தி" என்றாள்.

பம்பரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் அளவுகோல் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், பயந்த பிள்ளை முதல்ல என்ன பண்ணும்? பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சியைப் பாக்கும். அம்மா சிரிச்சாங்கன்னா, சரி, இது பயப்படற விஷயமில்லன்னு தைரியம் வந்துடும். நம்ம ரைடு எதுலயும் அப்படிப் பாக்க நேரமே இல்ல."

"அதுக்கு?"

"புதுசா ஒரு ரைடு பண்ணணும் மேடம். உச்சில ஒரு தடவை ரயில் நிக்கணும். பிள்ளை திரும்பி அம்மாவைப் பாக்கணும். அப்புறம் முன்னாடி திரும்பணும். அப்புறம் இறங்கலாம்."

அளவுகோல் ஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். "மேல நின்னா பெரியவங்களுக்கே அடிவயிறு கலங்குமே."

"தனியா நின்னாத்தான் மேடம் கலங்கும்."

தட்டுவது நின்றது. "வரைஞ்சு கொண்டா" என்றார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் அவள் வாழ்க்கையின் நல்ல காலம். இருக்கைகளை ஒன்றை நோக்கி ஒன்று லேசாகத் திருப்பி வைத்தாள், முகம் தெரிவதற்காக. தோளை அழுத்தும் கம்பிக்குப் பதிலாக மடியில் படியும் கம்பி வைத்தாள், தலை திரும்புவதற்காக. அட்டையில் மாதிரி செய்து சாப்பாட்டு மேஜையில் வைத்து, பொடிசையும் மாமாவையும் நாற்காலியில் பக்கம் பக்கமாக உட்காரவைத்துத் திரும்பச் சொன்னாள். மாமாவுக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. வரைபடத்துக்கு அனுமதி கிடைத்தது. நீலமடித்த இரும்புத் துண்டுகள் லாரியில் வந்து இறங்கின. தூண்கள் எழும்பின. பாதையின் பக்கவாட்டில் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய ஏணிப்படியில் ஏறி, உச்சியில் நின்று ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்தாள்.

இடது காதில் சத்தம் ஆரம்பித்தது அப்போதுதான். தூரத்தில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோன மாதிரி ஓர் இரைச்சல். காதுக்குள் பஞ்சு அடைத்த மாதிரியும் இருந்தது. வேலைத்தளத்தில் ஒரே இரும்புச் சத்தம், அதுதான் என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் அலுவலகத்தில் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடி பக்கவாட்டில் ஓடியது. சுவர் ஓடியது. தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். சின்ன வயதிலிருந்து பழகிய சுற்றல்தானே, கொஞ்ச நேரத்தில் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். தரையும் அவளோடு சேர்ந்து சுற்றியது.

வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அக்காதான். "ஏன்டி, நான் பேசும்போதெல்லாம் வலது காதைத் திருப்பறே? கோழி மாதிரி?" என்று கேட்டாள். விடவில்லை. காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஒலிப் பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு நிதானமாகச் சொன்னார். உள்காதில் திரவத்தின் அழுத்தம் கூடுகிறது. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது. உப்பைக் குறைக்கவேண்டும், மாத்திரை போடவேண்டும். அடியோடு தீர்க்கிற மருந்து இல்லை. கேட்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம்.

"உயரமான இடத்துல ஏறாதீங்க. இந்த ராட்டினம் மாதிரி சுத்தற சமாசாரமெல்லாம் கூடவே கூடாது. ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் சொன்னாள். டாக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

காரில் வீடு திரும்பினார்கள். மாமா ஒவ்வொரு வேகத்தடைக்கும் காரை நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினார்.

"நாளைக்கே ஆபீஸ்ல சொல்லிடு" என்றாள் அக்கா.

"சொன்னா வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்க்கா. சோதனை ஓட்டம் முடிஞ்சு கையெழுத்துப் போட்டதும் நானே சொல்லிடறேன்."

"மேல நிக்கும்போது வந்துச்சுன்னா?"

"பெல்ட் மாட்டிக்கிட்டுத்தான் ஏறுவேன்."

"பம்பரம், அது வெறும் ரைடுடி."

"உனக்கு வெறும் ரைடு."

மறுநாளிலிருந்து அக்கா எல்லோருக்கும் உப்பில்லாமல் சமைத்தாள். மாமா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். பொடிசு மட்டும், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

தலைசுற்றல் வந்தது, போனது. அது வந்த நாட்களில் வேறு ஏதோ காரணம் சொல்லி விடுப்பெடுத்தாள். வராத நாட்களில் ஏணியில் ஏறினாள். ஏறும்போது பயமாகத்தான் இருந்தது. உச்சிக்கு வந்து, சாய்ந்து இறங்கும் அந்த நீல வளைவைப் பார்த்தால் பயம் போய்விடும்.

மணல் மூட்டைகள் எத்தனையோ முறை சுற்றி வந்த பிறகு ஆட்கள் உட்காரும் நாள் வந்தது. காலையில் எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. காதில் இரைச்சல்கூடக் குறைவு. மாத்திரை போட்டுக்கொண்டாள். வேலைத்தளத்தில் பிரிவு முழுவதும் கூடியிருந்தது. முதல் வரிசையில் அவள் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் அளவுகோல் வந்து உட்கார்ந்து, ஸ்கேலை மறக்காமல் எடுத்து மஃப்ளரிடம் கொடுத்தார்.

"என்ன, அம்மா வேஷம் எனக்கா?" என்றார்.

"நான்தானே மேடம் பிள்ளை" என்றாள் பம்பரம்.

மடியில் கம்பி படிந்தது. சங்கிலி கடகடவென்று இழுத்தது. பூங்காவின் மரங்கள் கீழே போயின. உச்சியில் ரயில் நின்றது. நின்ற விதம் அவள் வரைந்தபடியே இருந்தது. குலுக்கல் இல்லை, சத்தம் இல்லை. காற்று மட்டும் முகத்தில் பட்டது. இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தான் என்று நினைத்தபடி பக்கத்தில் இருந்த முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள்.

முகம் நழுவியது. இடது பக்கமாக ஓடி, திரும்பி வந்து, மறுபடியும் ஓடியது. வானமும் அதோடு போனது. ரயில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. இறங்கு, இறங்கு என்று அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அந்த நிற்றலுக்கு முடிவே இல்லை போலிருந்தது. பிறகு எல்லாமாகச் சேர்ந்து சரிந்தது. அதன்பின் வளைவுகள் எப்படி இருந்தன, பிரேக் எப்படிப் பிடித்தது, எதுவும் அவளுக்குத் தெரியாது.

கீழே எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கம்பி விலகியதும் குனிந்து தன் செருப்பின்மேலேயே வாந்தி எடுத்தாள்.

"சமைச்சவங்களுக்கே ஒத்துக்கலடா!" என்று மஃப்ளர் கத்தினான். சோதனை நாளில் யாராவது வாந்தி எடுப்பது அங்கே வழக்கமான வேடிக்கை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

"சரி, சொல்லு. எப்படி இருந்துச்சு?" என்றார் அளவுகோல். மஃப்ளர் எழுதிக்கொள்ளத் தயாராக நின்றான்.

ஏதாவது சொல்லியாகவேண்டும். நினைவில் இருந்தது ஒன்றுதான்.

"மேல... ரொம்ப நேரம் நிக்குது மேடம். போதும் போதும்னு ஆயிடுச்சு."

சொல்லிவிட்டு இறங்க எழுந்தாள். தரை இருந்த இடத்தில் தரை இல்லை. நடைமேடையின் விளிம்பில் முகம் மோத விழுந்தாள். உதடு கிழிந்தது. தூக்கி நிறுத்தினார்கள், நிற்க முடியவில்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

முதலுதவி அறையில் கம்பெனி டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மதியத்துக்குமேல் அறை சுற்றுவது மெல்ல நின்றபோது அளவுகோல் கட்டிலருகே நின்றிருந்தார்.

"எத்தனை மாசமா?"

சொன்னாள்.

"போன வாரம் நீ உச்சில நடந்தே. நான் கீழ நின்னு பாத்துட்டிருந்தேன். இந்தப் பொண்ணு எவ்ளோ அழகா நடக்கறான்னு நெனச்சேன்." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ விழுந்திருந்தா உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? கீழ வேலை செஞ்சவங்க மேல விழுந்திருந்தா?"

"மன்னிச்சுடுங்க மேடம்."

"உன்னைத் திட்டறதா, உன்னைக் கட்டிக்கிட்டு அழறதா, ஒண்ணும் புரியல எனக்கு."

இரண்டையும் அவர் செய்யவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. உயரத்தில் ஏறக்கூடாது, சோதனையில் உட்காரக்கூடாது என்று முடிவாயிற்று. உட்காராதவர் கையெழுத்துப் போட முடியாது. ரயில் மஃப்ளரின் பொறுப்புக்குப் போனது. அவள் ஒரு நாள் முழுவதும் அவனோடு உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் எதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அவன் கிண்டல் எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டான். அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

சில வாரம் கழித்து நடந்த கூட்டத்தில் உச்சியில் நிற்கும் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"நான் நிறைய தடவை உக்காந்து பாத்துட்டேன்" என்றான் மஃப்ளர். அவள் பக்கம் பார்க்காமல் பேசினான். "எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல ஒரு ரயில் நின்னா கீழ இன்னொரு ரயில் காத்திருக்கணும். வெயில்ல வரிசை நீண்டுக்கிட்டே போகும். அதுவுமில்லாம, முதல் ஓட்டத்துல அவங்களே ரொம்ப நேரம் நிக்குதுன்னுதான் சொன்னாங்க."

"அது நான் சொன்னதில்ல" என்று பம்பரம் எழுந்தாள். "என் காது சொன்னது. அன்னிக்கு எனக்கு எல்லாமே நீளமாத்தான் இருந்துச்சு."

அளவுகோல் மெதுவாகக் கேட்டார்: "எது காது, எது ரைடுன்னு உன்னால பிரிச்சுச் சொல்ல முடியுமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நேர்மையாக யோசித்தாள். முடியாது.

"மேடம், நீங்க பக்கத்துல இருந்தீங்களே. உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நானா?" அளவுகோல் மேஜையைப் பார்த்தார். "நான் உன் மூஞ்சியைப் பாத்துட்டிருந்தேன். நேரத்தைப் பாக்கல."

அதைத்தானே மேடம் நான் வரைந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். நிற்பதை எடுத்துவிட்டு, உச்சியில் கொஞ்சம் வேகம் குறைந்து போகும்படி மாற்றினார்கள். கூட்டம் முடிந்து மஃப்ளர் அவள் மேஜைக்கு வந்து நின்றான்.

"எம்மேல கோவமா?"

"உன் வேலையை நீ செஞ்சே. இதுல என்ன கோவம்."

அவன் போகாமல் நின்றான். இடது பக்கமாக நின்று இன்னும் ஏதோ சொன்னான். அது அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லும்படி அவளும் கேட்கவில்லை.

திறப்பு நாளன்று அக்காவும் மாமாவும் பொடிசும் வந்தார்கள். ஏகப்பட்ட கூட்டம். அக்காவும் பொடிசும் ஏறினார்கள். மாமா, "எனக்குக் கழுத்து இன்னும் சரியாகல" என்று கீழேயே நின்றுகொண்டார். வேலியோரம் நின்று பம்பரம் மேலே பார்த்தாள். நீல ரயில் உச்சியைத் தொட்டது. பொடிசின் சின்னத் தலை அக்கா பக்கம் திரும்ப ஆரம்பித்தது தெரிந்தது. அதற்குள் சரிந்து இறங்கிவிட்டது. ரயில் முழுக்கப் பிள்ளைகள் கத்தின. பெரும்பாலும் சந்தோஷக் கத்தல்தான்.

பொடிசு இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருப்பார்கள் போல, "ரொம்ப நல்லா இருந்துச்சு சித்தி" என்றாள்.

"இன்னொரு தடவை போறியா?"

"வேணாம் சித்தி. வீட்டுக்குப் போலாம்."

மற்ற பிள்ளைகள் அப்படி இல்லை. இறங்கியவுடன் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் மறுபடியும் நின்றார்கள். அந்த வருடம் பூங்காவில் ஜனங்கள் அதிகம் விரும்பிய ரைடு அதுதான் என்று கம்பெனியில் சொன்னார்கள். பிரிவில் எல்லோருக்கும் கேக் கொடுத்தார்கள். பம்பரம் தன் துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பொடிசுக்குக் கொண்டுபோனாள்.

இன்னும் சில மாதம் கைப்பிடி வரைந்தாள். ஜன்னல் வழியே வரும் அலறல் மறுபடியும் காதில் விழத் தொடங்கியது. வலது காதில் மட்டும். ஒவ்வொரு அலறலுக்கும் அவள் வரைந்துகொண்டிருந்த கோடு நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அளவுகோலிடம் போய் வேலையை விடுவதாகச் சொன்னாள்.

"எங்க போகப்போறே?"

"ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யற கம்பெனில கேட்டிருக்கேன் மேடம். தலைமாட்டைத் தூக்கற, காலைத் தூக்கற கட்டில்."

அளவுகோல் தலையசைத்தார். இருக்கச் சொல்லவில்லை. வாசல்வரை கூடவே நடந்து வந்தார். படி இறங்குமிடத்தில் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். "நீ இன்னும் பத்து ரைடு பண்ணியிருப்பே" என்றார். அவள் வலது பக்கம்தான் நின்றிருந்தார். அதனால் முழுவதும் கேட்டது.

கட்டில் கம்பெனியில் வேலை நிதானமாகப் போனது. யாரும் அலறவில்லை. "வேலை பிடிச்சிருக்கா?" என்று மாமா கேட்டபோது, "பழகிடும் மாமா" என்றாள்.

அடுத்த வருடம் காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, இடது காது கிட்டத்தட்ட முழுவதுமாகப் போய்விட்டது என்றார். இந்த நோய் சிலருக்கு அப்படித்தான், காதைத் தின்று முடித்துவிட்டு அடங்கிவிடும் என்றார். "தலைசுத்தல் வந்து எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தாள்; ரொம்ப நாளாகியிருந்தது.

"நல்லது. இனிமே பயமில்ல. ஆசைப்பட்டா ராட்டினத்துலகூட ஏறலாம்" என்று சிரித்தார். அவள் யாரென்று அவருக்கு நினைவில்லை.

அதை வீட்டில் சொல்லவில்லை. ஒரு வேலைநாளில் மதியத்தோடு விடுப்பெடுத்துக்கொண்டு தனியாகப் பூங்காவுக்குப் போனாள். கூட்டம் குறைவு. அவளுடைய ரயிலுக்கு முன்னால் நின்றாள். ஏற்றிவிடும் பெண் புதியவள், "தனியாவா மேடம்?" என்று கேட்டு நடு வரிசையில் உட்காரவைத்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

ரயில் ஏறியது. உச்சியில் லேசாகத் தயங்கி, இறங்கியது. வளைவுகளை அன்றைக்குத்தான் முதன்முதலாக உணர்ந்தாள். முதல் சரிவு அவள் நினைத்ததைவிட மென்மை. இரண்டாவது வளைவில் உடம்பு பக்கவாட்டில் சாயும் இடம் கச்சிதம். பிரேக் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோலப் பிடித்தது. நல்ல ரைடு. உச்சியில் நின்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இப்போது அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கேட்பதற்குத்தான் யாரும் இல்லை.

கம்பி விலகியது. எழுந்தாள். கால் கொஞ்சமும் தடுமாறவில்லை. நேராக நடந்து, படி இறங்கி, வெளியே வந்தாள்.

பஸ்ஸில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எங்கடி இருக்கே? ஆபீஸ்ல மதியமே கிளம்பிட்டியாமே?"

"ஒரு வேலை இருந்துச்சு. வந்துட்டிருக்கேன்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜன்னலோரம் உக்காந்திருக்கேன். காத்து."

அக்கா போனை வைக்கவில்லை. பம்பரமும் வைக்கவில்லை. அடுத்த நிறுத்தம்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"சரி, வா. வரும்போது பால் வாங்கிட்டு வா" என்றாள் அக்கா.